சோனிக் ஜெனரேஷன்ஸ்: முதல் ஓட்டத்திலிருந்து சூப்பர் சோனிக் வரை, எந்த வரிசையில் ஆடுவது?

சனிக்கிழமை மாலையானால் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடம் நிறைந்துவிடும். அக்காவின் மகன், அவன் தங்கை, எதிர்வீட்டுப் பையன்கள் இருவர். சில வாரங்களில் என்னோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவரும் வருவார். சிறுவயதில் சேகா விளையாட்டுப் பெட்டியில், நீல முள்ளெலி ஓடும் சோனிக் விளையாட்டை ஆடியவர். வயது எதுவானாலும் எல்லாரும் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் விழுகிறார்கள்.

அந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து எழுதிய வழிகாட்டி இது. சோனிக் ஜெனரேஷன்ஸில் பழைய சோனிக் விளையாட்டுகளின் ஒன்பது ஸ்டேஜ்கள் புதிதாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆக்ட். முதலாவதில் குட்டையான கிளாசிக் சோனிக் பக்கவாட்டில் ஓடுவார். இரண்டாவதில் உயரமான மாடர்ன் சோனிக் பெரும்பாலும் திரைக்குள் நோக்கி ஓடுவார். மொத்தம் 18 ஆக்ட்.

பாதியில் விட்டவர்களில் பலருக்குத் திறமை குறைவில்லை. வழி தெரிவதற்கு முன்பே வேகத்தைத் தேடினார்கள், அவ்வளவுதான். அதனால் இங்கே வரிசைக்குத்தான் முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

1. வாங்குவதற்கு முன்: அட்டையில் உள்ள பெயரை முழுதாகப் படியுங்கள்

ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் கடைகளில் சுற்றுகின்றன. முதலாவது 2011இல் எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3, கணினி ஆகியவற்றுக்கு வந்த மூலப் பதிப்பு. இரண்டாவது அதே ஆண்டு நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு வந்தது. மூன்றாவது 2024 அக்டோபரில் வந்த சோனிக் எக்ஸ் ஷேடோ ஜெனரேஷன்ஸ். மூல விளையாட்டைத் துலக்கி, சோனிக்கின் போட்டியாளரான ஷேடோவுக்கென்று தனிக் கதை ஒன்றையும் சேர்த்த தொகுப்பு.

இவற்றில் 3டிஎஸ் பதிப்பு முற்றிலும் வேறு விளையாட்டு. கிரீன் ஹில் அதில் உண்டு. ஆனால் மற்ற ஸ்டேஜ்கள் கேசினோ நைட், மஷ்ரூம் ஹில், எமரால்ட் கோஸ்ட் என்று போகும். "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு அந்தக் கார்ட்ரிட்ஜை விற்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சிட்டி எஸ்கேப் ஸ்டேஜைத் தேடிய பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்த வழிகாட்டி அந்தப் பதிப்புக்குப் பொருந்தாது.

பழைய டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க், டிஸ்க் போடும் வசதியுள்ள புதிய எக்ஸ்பாக்ஸிலும் ஓடும். பிளேஸ்டேஷன் 3 டிஸ்க் 4இலும் 5இலும் ஓடாது. நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு 2024 தொகுப்பு மட்டுமே வழி. லோயாட் பிளாசா போன்ற கணினிக் கடைத்தொகுதிகளுக்குப் போகும்போது உங்கள் கருவியின் பெயரை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள்.

இது ஒருவர் ஆடும் விளையாட்டு என்பதையும் வாங்குவதற்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள். அட்டைப் படத்தில் இரண்டு சோனிக் நிற்பதால் அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆடலாம் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் முதல் நாளே அழுகை. ஒரு ஸ்டேஜில் கிளாசிக் ஆக்ட் தங்கைக்கு, மாடர்ன் ஆக்ட் அண்ணனுக்கு என்று பிரித்த பிறகுதான் அமைதி வந்தது. அடுத்த ஸ்டேஜில் மாற்றிக்கொள்வார்கள். இரண்டு விதமான ஓட்டத்தையும் இருவரும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

2. டிவியையும் கன்ட்ரோலரையும் சரிசெய்வது

டிவி அமைப்புக்குள் போய் கேம் மோடை இயக்குங்கள். படத்தை அழகாக்க டிவி செய்யும் வேலைக்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் உங்கள் விரலுக்கும் திரைக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்ற விளையாட்டுகளில் அது பெரிதாகத் தெரியாது. இங்கே பள்ளத்தின் விளிம்பில் குதிக்க அழுத்துவீர்கள், சோனிக் பள்ளத்துக்குள் இறங்கிய பிறகு குதிக்கப் பார்ப்பார். எதிர்வீட்டுப் பையன் இரண்டு வாரம் "எனக்கு வரல லா மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கோளாறு அவன் வீட்டு டிவியில்.

சோதிப்பது எளிது. ஸ்டேஜ்களின் வாசல்கள் இருக்கும் வெள்ளை உலகுக்கு வந்ததும் அங்கே குதித்துப் பாருங்கள். பொத்தான் 'கிளிக்' என்னும் நொடியில் கால் தரையை விட்டு எழ வேண்டும்.

கணினியில் ஆடுபவர்கள் விசைப்பலகையை ஒதுக்கிவிட்டு ஒரு கன்ட்ரோலரைச் செருகுங்கள். மாடர்ன் சோனிக் வளைவில் ஓடும்போது குச்சியைக் கொஞ்சமாகச் சாய்ப்பது, முழுதாகச் சாய்ப்பது என்ற வேறுபாடு தேவைப்படுகிறது. விசைப்பலகை அம்புக்குறிக்கு அழுத்துவது, விடுவது என்று இரண்டு நிலைதான்.

எந்தச் செயலுக்கு எந்தப் பொத்தான் என்பது பதிப்புக்கும் கருவிக்கும் ஏற்ப மாறும். அதனால் கீழே பொத்தானின் பெயரைச் சொல்லாமல் செயலின் பெயரையே சொல்கிறேன். அமைப்புப் பக்கத்தைத் திறந்து குதித்தல், பூஸ்ட், ஸ்டாம்ப், குவிக் ஸ்டெப், டிரிஃப்ட் ஆகிய ஐந்தும் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஒரு சொல். மாலையில் இடி இடித்தால் ஆக்டின் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிட்டு ஒயரைக் கழற்றுங்கள். முடித்த ஆக்ட்கள் தானாகவே சேமிக்கப்பட்டிருக்கும். நடுவழியில் தொட்ட செக்பாயின்ட் (விழுந்தால் மறுபடி தொடங்கும் இடம்) மட்டும்தான் போகும். சேமிக்கும் அடையாளம் திரையில் சுழலும்போது மட்டும் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்.

3. முதல் ஒரு மணி நேரம் கிளாசிக் சோனிக்குக்கு

கிரீன் ஹில் முதல் ஆக்டைத் தொடர்ந்து மூன்று முறை ஆடுங்கள். ஒரு முறை முடித்ததும் அடுத்ததுக்கு ஓடத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் இந்த ஒரே ஆக்ட் விளையாட்டின் அடிப்படை முழுவதையும் வைத்திருக்கிறது: இறக்கம், ஏற்றம், சுருள்வளையம், மேல்பாதை, கீழ்பாதை.

முதல் முறை நடந்தே போங்கள். இரண்டாம் முறை, இறக்கம் வரும் இடமெல்லாம் கீழ்த்திசையை அழுத்தி உருளுங்கள். கிளாசிக் சோனிக்குக்கு வேகம் தருவது நிலத்தின் சரிவு. இறக்கத்தில் உருண்டால் வேகம் கூடும், ஏற்றத்தில் உருண்டால் குறையும். புதியவர்கள் ஏற்றத்திலும் உருண்டுவிட்டு நின்றுபோகிறார்கள். ஏற்றத்தில் ஓட வேண்டும், இறக்கத்தில் உருள வேண்டும்.

மூன்றாம் முறை ஸ்பின் டேஷ். நின்ற இடத்தில் கீழ்த்திசையைப் பிடித்துக்கொண்டு குதிக்கும் பொத்தானைத் தட்டி விட்டால் உருண்டபடி பாய்வார். சுருள்வளையத்தில் பாதி ஏறி வழுக்கி விழுந்தால் திரும்பத் திரும்ப ஓடிப் பார்க்காதீர்கள். சற்றுப் பின்வாங்கி ஒரு ஸ்பின் டேஷ் போதும். 2024 தொகுப்பில் கிளாசிக் சோனிக்குக்கு டிராப் டேஷ் என்ற வித்தையும் உண்டு. காற்றில் இருக்கும்போதே உருட்டலைத் தயார் செய்து, தரை தொட்டதும் பாயலாம். அதைக் கடைசியில் கற்றால் போதும். முதலிலேயே பழகியவர்கள் இறங்கும் இடத்தைப் பார்க்காமல் பாய்ந்து முள்ளில் விழுகிறார்கள்.

மேல்பாதையை விட்டு இறங்காமல் இருப்பதே கிளாசிக் ஆக்ட்களின் உயிர்நாடி. மேலே போகும் வழி பெரும்பாலும் விரைவானது, தடைகள் குறைந்தது. ஒரு குதி தவறினால் சாக மாட்டீர்கள். கீழ்பாதையில் விழுந்து மெதுவாகப் போவீர்கள். கிரீன் ஹில்லில் எந்த இடத்தில் தவறி விழுகிறீர்கள் என்று கவனித்து, அடுத்த முறை அந்த ஒரு குதிக்கு மட்டும் வேகத்தைக் குறையுங்கள்.

வழியெல்லாம் கிடக்கும் தங்க வளையமான ரிங் பற்றி: கையில் ஒன்று இருந்தாலும் ஓர் அடி தாங்கலாம். அடிபட்டதும் சிதறும் ரிங் அத்தனையையும் பொறுக்கப் போய், அதே எதிரியிடம் மறுபடி அடி வாங்குவது வழக்கமான தவறு. இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு நகருங்கள்.

4. மாடர்ன் சோனிக்: பூஸ்ட் பொத்தானிலிருந்து விரலை எடுப்பது

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பூஸ்ட்டை அழுத்தினால் மாடர்ன் சோனிக் நீல ஒளியோடு பாய்வார். வழியில் நிற்கும் எதிரிகள் தூளாவார்கள். அந்த இன்பத்தில் எல்லாரும் பொத்தானை விடாமல் பிடித்திருப்பார்கள். ஓரிரு சுவரில் மோதி, ஒரு பள்ளத்தில் விழுந்து, பட்டை காலியாகி, "மாமா, பூஸ்ட் தீர்ந்துபோச்சு" என்று கன்ட்ரோலரை நீட்டுவார்கள்.

ஆகவே முதல் பாடம் இது. கிரீன் ஹில் இரண்டாம் ஆக்டை ஒரு முறை முழுவதும் பூஸ்ட் இல்லாமல் முடியுங்கள். முடியும். வழியில் எங்கே வளைவு, எங்கே பள்ளம், எங்கே நேரான சாலை என்று அப்போதுதான் கண்ணில் படும். நடுவில் ஒரு ராட்சச மீன் துரத்தும் இடம் வரும். அங்கே மட்டும் பூஸ்ட்டைத் தொடலாம்.

அடுத்த முறை, நேரான சாலையில் மட்டும் பூஸ்ட். ஜாலான் ஈப்போவில் காலை ஏழரை மணிக்கு மோட்டார் ஓட்டுபவருக்குத் தெரியும், எந்த இடத்தில் முறுக்கலாம், எந்தத் திருப்பத்துக்கு முன் கையைத் தளர்த்த வேண்டும் என்று. அந்த அறிவு தினமும் போய் வந்ததால் கிடைத்தது. இங்கேயும் அதே கணக்குத்தான்.

பூஸ்ட் பட்டை மூன்று வழிகளில் நிரம்பும்: ரிங் எடுத்தால், எதிரியை அடித்தால், காற்றில் வித்தை காட்டினால். மூன்றாவதைப் புதியவர்கள் மறந்தேவிடுகிறார்கள். சரிவுமேடை அல்லது வானவில் வளையம் உங்களை மேலே எறியும்போது கிடைக்கும் அந்தச் சில நொடிகள் வெறும் வேடிக்கைக்கு அல்ல. தரை நெருங்குமுன் வித்தையை நிறுத்த மட்டும் பழகுங்கள்.

தண்ணீரின் மேல் பூஸ்ட் போட்டால் மூழ்காமல் ஓடலாம். ஆனால் பட்டை நடுவில் தீர்ந்தால் மூழ்குவீர்கள். எனவே கடலோ ஏரியோ கண்ணில் பட்டதும் பூஸ்ட்டை நிறுத்தி, பட்டையைச் சேமித்து, தண்ணீரின் விளிம்பில் மறுபடி அழுத்துங்கள்.

கேமரா திடீரென்று பக்கவாட்டுக்கு மாறும் பகுதிகள் மாடர்ன் ஆக்டிலும் உண்டு. அங்கே பூஸ்ட்டைக் கைவிடுங்கள். பக்கவாட்டில் திரையின் விளிம்பு வரைதான் முன்னால் தெரியும். பூஸ்ட் வேகத்துக்கு அந்தத் தூரம் போதாது.

ஹோமிங் அட்டாக். காற்றில் இருக்கும்போது எதிரியின் மேல் குறி அடையாளம் தோன்றும். தோன்றிய பிறகு குதிக்கும் பொத்தானை மறுபடி அழுத்தினால் நேரே போய் அடிப்பார். அடையாளம் வருவதற்கு முன் அழுத்தினால் முன்னோக்கி ஒரு பாய்ச்சல் மட்டும்தான், அது பெரும்பாலும் பள்ளத்தில் முடியும். வரிசையாக எதிரிகள் மிதக்கும் இடத்தில் அவசரப்பட்டு தட்டுபவர்கள் இரண்டாவது எதிரியில் விழுகிறார்கள். "பார், தட்டு, பார், தட்டு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஆடுங்கள். என் அக்கா மகள் அப்படித்தான் பழகினாள்.

ஸ்டாம்ப் என்றால் காற்றிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்குவது. இதைத் தாக்குதல் என்று மட்டும் நினைக்காதீர்கள். இதுதான் உங்கள் பிரேக். மேடையைத் தாண்டிப் பறந்துவிடுவோம் என்று தோன்றினால் மேடைக்கு நேர்மேலே இருக்கும்போது ஸ்டாம்ப் போடுங்கள். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றும்.

மற்றவை சுருக்கமாக. சாலை அகலமாக நீண்டிருந்தால் தடையைத் தாண்டக் குச்சியைச் சாய்க்காதீர்கள், குவிக் ஸ்டெப் போடுங்கள். ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு வேகம் குறையாமல் தாவும். பெரிய வளைவுக்கு டிரிஃப்ட். வளைவு முடிவதற்குச் சற்று முன்பே விட்டுவிடுங்கள். இரு சுவர் எதிரெதிரே நின்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குதித்து ஏறலாம். வரிசையாக மிதக்கும் ரிங் பள்ளத்துக்கு மேல் போனால் அது லைட் ஸ்பீட் டேஷுக்கான, அதாவது ரிங் வரிசையைப் பிடித்தபடி பாய்வதற்கான பாலம்.

5. சாவி எங்கே? வெள்ளை உலகில் மேலே பாருங்கள்

இரண்டு ஆக்ட்களும் பழகிய பிறகு வரிசை இப்படி. வெள்ளை உலகில் ஒன்பது ஸ்டேஜ்களும் மும்மூன்றாகப் பிரிந்திருக்கும். முதல் தொகுதி கிரீன் ஹில், கெமிக்கல் பிளான்ட், ஸ்கை சேங்க்சுவரி. இரண்டாவது ஸ்பீட் ஹைவே, சிட்டி எஸ்கேப், சீசைட் ஹில். மூன்றாவது கிரைசிஸ் சிட்டி, ரூஃப்டாப் ரன், பிளானட் விஸ்ப். இவை 1991 முதல் 2010 வரை வந்த விளையாட்டுகளின் ஸ்டேஜ்கள், வந்த ஆண்டு வரிசையிலேயே இருக்கின்றன. கடினமும் ஏறத்தாழ அதே வரிசையில் கூடும்.

ஒரு தொகுதியின் மூன்று ஸ்டேஜிலும் இரண்டு ஆக்ட்களையும் முடித்தால் சவால் கதவுகள் திறக்கும். ஒவ்வொரு ஸ்டேஜிலும் குறைந்தது ஒரு சவாலை முடித்து ஒரு சாவி பெற வேண்டும். மூன்று சாவி சேர்ந்தால்தான் பெரிய எதிரியின் கதவு திறக்கும்.

இங்கேதான் பலர் வழி தெரியாமல் அலைகிறார்கள். "எல்லாத்தையும் முடிச்சிட்டேன், கதவு திறக்கலையே" என்று அந்த அண்ணன் எனக்கு இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். சவால் கதவுகள் ஆக்ட் வாசல்களுக்கு மேலே, மேடைகளில் இருக்கின்றன. தரையிலேயே இடமும் வலமும் ஓடினால் கண்ணில் படாது. ஸ்டேஜ் வாசலருகே நின்று மேலே ஏறுங்கள்.

எந்தச் சவாலை முதலில் எடுப்பது? உங்களைப் போன்ற இன்னொரு சோனிக்கோடு பந்தயம் ஓடும் சவால் இருந்தால் அதையே எடுங்கள். அதில் புதிய விதி எதுவும் இல்லை, தெரிந்த ஓட்டம்தான். டெயில்ஸ், நக்கிள்ஸ் போன்ற நண்பர்களின் உதவியோடு செய்யும் சவால்களில் அவர்களை அழைக்கத் தனியாகப் பழக வேண்டும்.

மொத்தம் 90 சவால்கள், ஸ்டேஜுக்குப் பத்து. அவற்றையெல்லாம் இப்போதே முடிக்க உட்காராதீர்கள். முதல் தொகுதியில் முப்பது சவாலையும் முடிக்கப் போய் அலுத்து, சிட்டி எஸ்கேப்பைப் பார்க்காமலேயே விட்டவர்களை எனக்குத் தெரியும். சாவிக்கு மூன்று போதும். மேலே போங்கள், பிறகு திரும்பி வரலாம்.

6. விழ வைக்கும் ஸ்டேஜ்கள்

கெமிக்கல் பிளான்ட் கிளாசிக் ஆக்டில் நீருக்குள் போக வேண்டிவரும். நீருக்குள் எல்லாமே மெதுவாகும், மூச்சு குறையும், எச்சரிக்கை இசை படபடக்கும். அந்த இசையில்தான் ஆளுக்குக் கை நடுங்குகிறது. தரையிலிருந்து எழும் பெரிய காற்றுக்குமிழியைத் தொட்டால் மூச்சு முழுதாகத் திரும்பும். குமிழி வரும் இடத்தில் நின்று காத்திருங்கள். சிறு குமிழிகள் உதவாது. எதிர்வீட்டுச் சிறியவன் அந்த இசையைக் கேட்டாலே கன்ட்ரோலரை என்னிடம் தந்துவிடுவான். டிவி ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை ஆட வைத்தேன். அன்றே முடித்தான்.

ஸ்கை சேங்க்சுவரியில் நடுவானில் ஓடுகிறோம், காலடியில் இடியும் மேடைகள் உண்டு. அங்கே நின்று யோசிப்பதுதான் ஆபத்து. அடுத்த மேடையைப் பார்த்த பிறகு இந்த மேடையில் கால் வையுங்கள்.

சிட்டி எஸ்கேப் மாடர்ன் ஆக்ட் பலகையில் சறுக்கித் தொடங்கும். அங்கே முழு வேகத்துக்கு ஆசைப்படாமல் நடுத்தடத்தில் இருங்கள். முடிவில் பெரிய லாரி துரத்தும், சோனிக் நம்மை நோக்கி ஓடிவருவார், முன்னால் இருப்பது நமக்குத் தெரியாது. அந்த இடத்துக்கு பூஸ்ட் பட்டை நிறைந்திருக்க வேண்டும். அதனால் அதற்கு முந்தைய தெருக்களில் சிக்கனமாக ஆடுங்கள். அக்கா மகன் லாரியிடம் ஏழெட்டு முறை மாட்டினான். லாரிக்கு முன் பட்டை காலியாக இருந்ததைத் தவிர அவன் ஆட்டத்தில் வேறு குறையே இல்லை.

கிரைசிஸ் சிட்டியில் நெருப்புச் சூறாவளி பொருள்களை வீசும். கண் சூறாவளியின் மேல் போய்விடும், கால் பள்ளத்தில் போய்விடும். தரையைப் பாருங்கள். சீசைட் ஹில்லுக்கு மேலே சொன்ன தண்ணீர் விதி. ஸ்பீட் ஹைவேயும் ரூஃப்டாப் ரன்னும் மாடர்ன் சோனிக் பழகியவர்களுக்குப் பரிசு மாதிரி. பயப்பட எதுவும் இல்லை.

பிளானட் விஸ்ப் இரண்டு ஆக்ட்களும் நீளமானவை. களைத்த கையோடு இரவில் தொடங்காதீர்கள். இங்கே விஸ்ப் என்னும் குட்டி உயிரிகள் சோனிக்குக்குச் சிறிது நேரம் புதிய சக்தி தரும். கிளாசிக் ஆக்டில் இளஞ்சிவப்பு விஸ்ப் கிடைத்தால் சோனிக் முள்ளுருண்டையாகிச் சுவரிலும் கூரையிலும் ஒட்டி ஓடலாம். மாடர்ன் ஆக்டில் ஆரஞ்சு விஸ்ப் ராக்கெட்டாக மேலே தூக்கும். இரண்டுக்கும் நேரம் குறைவு. விஸ்பை எடுத்ததும் உடனே பயன்படுத்தாமல், எந்தச் சுவர், எந்த உயரம் என்று முதலில் பார்த்து வைத்து, பிறகு தொடங்குங்கள்.

7. மூன்று போட்டியாளர்கள், நான்கு பெரிய எதிரிகள்

தொகுதிக்கு ஒரு போட்டியாளர்: மெட்டல் சோனிக், ஷேடோ, சில்வர். இவர்களைத் தவிர்த்துவிட்டு முன்னேறலாம் என்று நினைப்பார்கள். கடைசிக் கதவுக்குக் கேயாஸ் எமரால்ட் என்னும் ஏழு மாயக் கற்களும் வேண்டும், அதனால் இவர்களையும் வென்றே ஆக வேண்டும். தள்ளிப்போட்டால் கடைசியில் மூவரும் சேர்ந்து வரிசையில் நிற்பார்கள். அந்தந்தத் தொகுதியிலேயே முடித்துவிடுங்கள்.

மெட்டல் சோனிக்கிடம் அவசரம் ஆகாது. அது தாக்கி முடித்து ஓயும் நொடியில் அடியுங்கள். ஷேடோவோடு நடப்பது பாதி பந்தயம்; வழியில் கிடைக்கும் ஆற்றல் உருண்டைகளை அவருக்கு முன் நீங்கள் அடித்துச் சேர்க்க வேண்டும். சில்வர் பொருள்களைத் தூக்கி வீசுவார், குவிக் ஸ்டெப்பால் விலகி நெருங்குங்கள்.

பெரிய எதிரிகளில் டெத் எக் ரோபோ கிளாசிக் சோனிக்குக்கு. பெர்ஃபெக்ட் கேயாஸ், எக் டிராகூன் இரண்டும் மாடர்னுக்கு. பெர்ஃபெக்ட் கேயாஸில் நீர்மேல் ஓடியே அணுக வேண்டும், பூஸ்ட்டைக் காலியாக்கிக்கொண்டு போனால் பாதியில் மூழ்குவீர்கள். நான்காவதான டைம் ஈட்டர்தான் எல்லாரையும் குழப்புகிறது. இரண்டு சோனிக்கும் சூப்பர் சோனிக் என்ற பொன்னிற வடிவத்துக்கு மாறிப் பறப்பார்கள், ரிங் நொடிக்கொன்றாகக் குறையும், நண்பர்கள் ஓயாமல் கத்துவார்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான்: வழியில் ரிங் எடுத்துக்கொண்டு, வருவதை விலக்கி, அதன் அருகே போக வேண்டும். கிளாசிக், மாடர்ன் என்று மாறிக்கொள்ளவும் முடியும். ஒரு பார்வையில் வழி மறைந்தால் மற்றதற்கு மாறுங்கள். தொலைவிலேயே மிதந்துகொண்டு விலகுவதில் மட்டும் கவனம் வைத்தால் ரிங் தீர்ந்துவிடும்.

8. திறன்களை எப்போது வாங்குவது

ஓமோச்சாவ் என்ற குட்டி ரோபோ நடத்தும் கடையில் நீங்கள் சேர்த்த புள்ளிகளைக் கொடுத்துத் திறன்கள் வாங்கலாம். ஒரே நேரத்தில் மொத்தம் 100 புள்ளி மதிப்புக்குள்தான் திறன்களைப் பொருத்த முடியும். முதல் தொகுதி முடியும்வரை எதையும் பொருத்தாமல் ஆடச் சொல்வேன். கிளாசிக் சோனிக்குக்கு ஹோமிங் அட்டாக் தரும் திறனை முதலிலேயே மாட்டியவர்களுக்குக் குதியின் அளவு கடைசிவரை பிடிபடவில்லை.

இரண்டாம் தொகுதியில் கவசம் தரும் திறன் ஒன்றைப் பொருத்தலாம், ஓர் அடி கூடுதலாகத் தாங்கும்.

9. இப்போதுதான் சிவப்பு ரிங், எஸ் ரேங்க், சூப்பர் சோனிக்

டைம் ஈட்டரை வென்றால் சூப்பர் சோனிக் திறன் கிடைக்கும். அது ஒன்றே 100 புள்ளியையும் எடுத்துக்கொள்ளும். ஆக்டில் 50 ரிங் சேர்த்து உருமாற வேண்டும், அதன்பின் ரிங் தொடர்ந்து கரையும்.

ஆக்டுக்கு ஐந்தாக மொத்தம் 90 சிவப்பு நட்சத்திர ரிங் ஒளிந்திருக்கின்றன. முதல் ஆட்டத்தில் கண்ணெதிரே இருப்பதை எடுங்கள், தேடாதீர்கள். தேடத் தொடங்கும்போது அவற்றின் அருகில் போனால் காட்டிக்கொடுக்கும் திறன் ஒன்று கடையில் உண்டு, அதைப் பொருத்துங்கள். ஒரு ஓட்டத்தில் ஒன்றிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்பாதையில் நான்கு, கீழ்பாதையில் ஒன்று என்று பிரிந்திருந்தால் ஒரே ஓட்டத்தில் எல்லாம் கிடைக்காது. எதை எடுத்தோம் என்று ஒரு தாளில் குறித்து வைத்தால் வீண் அலைச்சல் இல்லை.

சிவப்பு ரிங் தேடும் ஓட்டத்திலேயே, ஆக்ட் முடிவில் தரும் மிக உயர்ந்த தரமான எஸ் ரேங்கையும் எதிர்பார்க்காதீர்கள். தேடுவது நிற்க வைக்கும், ரேங்க் நிற்காமல் ஓடுபவருக்கு. நல்ல செய்தி என்னவென்றால், வழி தெரிந்து, சாகாமல், நிற்காமல் ஓடினால் பெரும்பாலான ஆக்ட்களில் எஸ் தானாக வந்துவிடும். தொடக்கத்திலேயே விழுந்துவிட்டால் தொடராதீர்கள், மெனுவில் ஆக்டை முதலிலிருந்து தொடங்குங்கள். நடுவில் விழுந்தால் முடித்துவிடுங்கள். பின்பாதியின் வழி பழகும்.

10. ஷேடோவின் கதையை எப்போது தொடங்குவது

2024 தொகுப்பை வாங்கியவர்களுக்கு முதல் திரையிலேயே இந்தக் கேள்வி வரும். ஷேடோவின் பகுதி புதிது, பார்க்க அழகு, பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். சோனிக் பக்கத்தில் குறைந்தது இரண்டாம் தொகுதி முடிந்த பிறகு தொடங்குங்கள். ஷேடோவுக்கும் பூஸ்ட், ஹோமிங் அட்டாக், ஸ்டாம்ப் எல்லாம் உண்டு. அவை கையில் இருந்தால் அவருக்கே உரிய கேயாஸ் கன்ட்ரோலில் மட்டும் மனம் வைக்கலாம்.

கேயாஸ் கன்ட்ரோல் நேரத்தைச் சிறிது நேரம் நிறுத்தும். பறந்துவரும் பொருள்கள் காற்றிலேயே நிற்கும், அவற்றின்மேல் கால்வைத்து ஏறலாம். புதியவர்கள் அதை எதிரி சூழ்ந்தால் தப்பிக்க மட்டும் பயன்படுத்துகிறார்கள். மேலே ஒரு பாதை தெரிந்து, அங்கே போக மேடை இல்லாத இடத்தில் வைத்துப் பாருங்கள்.

அவர் பகுதியில் ஆறு ஸ்டேஜ்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆக்ட். வெள்ளை உலகமும் அங்கே எல்லாப் பக்கமும் ஓடக்கூடிய பரந்த வெளி. சோனிக் பகுதியையும் ஷேடோ பகுதியையும் ஒரே மாலையில் மாற்றி மாற்றி ஆட வேண்டாம். வேகமும் இறங்கும் தூரமும் இரண்டிலும் சற்றே வேறு. ஒன்றில் பழகிய விரல் மற்றதில் அரை நொடி முந்தும் அல்லது பிந்தும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை சோனிக், ஞாயிற்றுக்கிழமை ஷேடோ.